படத்தை வாங்காமலே படித்துத் தாருங்கள்: எழுத்துணரிக் கருவிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அடையாள ஆவணங்களின் படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்துத் தரும் இணையக் கருவிகளை உருவாக்குவோர், நடத்துவோர் அனைவருக்கும்,

வணக்கம்.

கடவுச்சீட்டு, அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் படங்களைப் பார்த்து, பெயரையும் பிறந்த நாளையும் ஆவண எண்ணையும் படிவங்களில் பதிவு செய்யும் வேலையைச் செய்பவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் கருவிகளின் பயனை நன்கு அறிந்தவள் என்ற உரிமையிலும், அவற்றுக்குள் நாள்தோறும் போய்ச் சேரும் படங்கள் எத்தகையவை என்பதை அறிந்தவள் என்ற கவலையிலும் இதை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். அடையாள ஆவணத்தின் படத்தை உங்கள் சர்வருக்கு வரவழைத்துப் படிப்பதை விட்டுவிட்டு, அந்தப் படம் எந்தக் கணினியில் அல்லது எந்தக் கைபேசியில் இருக்கிறதோ அங்கேயே அதைப் படித்துத் தரும்படி உங்கள் கருவிகளை மாற்றியமையுங்கள்.

கருவிகளே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்து வரும் ஆவண எண்களை நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்குக் கண்ணும் கையும் தளரும். தளர்ந்த கண் சுழியத்தை ஆங்கில எழுத்தான ஓ என்றும், ஒன்றை ஆங்கில ஐ என்றும் படிக்கும். அப்படிப் பிழையாகப் பதிவான ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு, ஆவணத்துக்கு உரியவர் பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கோ தங்கள் சொந்த அட்டையில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைப் பிறர் உதவியின்றி அறிந்துகொள்ள எழுத்துணரியே வழி. எனவே தேவை உண்மையானது. உங்கள் உழைப்பும் மதிக்கத்தக்கது. அந்தத் தேவையை நிறைவேற்றும் முறையைப் பற்றித்தான் என் மறுப்பு.

இந்தக் கருவிகளைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஓர் உண்மையை முதலில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பதிவேற்றும் பொத்தானை அழுத்துபவரும், அந்தப் படத்தில் முகம் இருப்பவரும் பல வேளைகளில் ஒருவர் அல்லர். சேர்க்கை விண்ணப்பங்களைத் தொகுக்கும் எழுத்தர், பயணச்சீட்டு பதிவு செய்யும் முகவர், புதிய ஊழியர்களின் விவரங்களைச் சேர்க்கும் பணியாளர், வீடு வாடகைக்கு விடுபவரின் சார்பில் ஆவணங்களை வாங்கி வைப்பவர், முதிய பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளை என்று இடையில் ஒருவர் இருக்கிறார். உங்கள் பக்கத்தின் அடியில் உள்ள நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொண்டதாகக் குறியிடுபவர் அவர்தான். ஆவணத்துக்கு உரியவரோ, தம் ஆவணத்தைத் தாம் நம்பிய ஒருவரிடம் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகக் கொடுத்துவிட்டு, அது அந்த அலுவலகத்தின் கோப்பில்தான் இருக்கிறது என்று எண்ணியிருப்பார். உங்கள் கருவியின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பின்னாளில் படம் எங்காவது கசிந்தால் அது உங்கள் வழியாகப் போயிற்று என்று அறியவும், உங்களிடம் வந்து அழிக்கக் கேட்கவும் அவருக்கு எந்த வழியும் இல்லை. குறியிட்ட கட்டத்தைக் காட்டி “பயனர் ஒப்புதல் தந்தார்” என்று நீங்கள் சொல்லும்போது, ஒப்புதல் தரும் உரிமை உடையவர் அங்கே இருக்கவே இல்லை என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

இடையில் இருப்பவரைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். அது நியாயமாகாது. மாலைக்குள் முடிக்க வேண்டிய ஒரு கட்டுப் படிவங்களோடு உட்கார்ந்திருப்பவர் தேடுபொறியில் “படத்திலிருந்து எழுத்து எடுக்க” என்று தட்டுகிறார். முதலில் வரும் பக்கத்தைத் திறக்கிறார். அங்கே “இலவசம், பாதுகாப்பானது, பதிவு தேவையில்லை” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பாதுகாப்பானது என்ற சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் என்ன பொருள் என்பதைக் கண்டறியும் திறனோ நேரமோ அவருக்கு இல்லை. பெரும்பாலும் அதன் பொருள், படம் உங்கள் சர்வருக்கு வரும் வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பது மட்டுமே. வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதை அந்தச் சொல் தொடுவதே இல்லை.

படமாக இருக்கும் ஆவணத்துக்கும் எழுத்தாக மாறிய ஆவணத்துக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படங்கள் குவிந்து கிடந்தால் அவற்றில் ஒருவரைத் தேடுவது கடினம். எழுத்தானதும் பெயரால் தேடலாம், பிறந்த ஆண்டால் வரிசைப்படுத்தலாம், வேறொரு பட்டியலோடு இணைத்துப் பார்க்கலாம். அதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் உண்டு. சிப் பொருத்திய கடவுச்சீட்டுகளில் பரவலாகப் பின்பற்றப்பட்ட அடிப்படை அணுகல் கட்டுப்பாட்டு முறையில், சிப்பைத் திறந்து படிப்பதற்கான சாவி, ஆவண எண், பிறந்த நாள், காலாவதி நாள் ஆகிய மூன்றிலிருந்துதான் உருவாக்கப்படுகிறது. உங்கள் கருவிகள் முதலில் பிரித்தெடுக்கும் மூன்று விவரங்கள் அவையே. சிப்பை மிக அருகிலிருந்து மட்டுமே படிக்க முடியும் என்பதால் அந்த எழுத்துகளை வைத்துத் தொலைவிலிருந்து எவரும் எதுவும் செய்துவிட முடியாது. ஆனாலும் அச்சிட்ட பக்கத்தைத் திறந்து காட்டியவருக்கு மட்டுமே சிப் திறக்க வேண்டும் என்று வகுத்தவர்களின் எண்ணம், அந்த எழுத்துகள் ஏதோ ஒரு சர்வரின் பதிவுக் கோப்பில் கிடக்கும்போது பொருளிழந்து போகிறது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளையும் முகத்தையும் மாற்றிக்கொள்ள முடியாது.

இனி, படத்தை இருந்த இடத்திலேயே படிப்பது நடக்கக்கூடியதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை வளர்க்கப்பட்ட டெசராக்ட் என்ற எழுத்துணரி 2005ஆம் ஆண்டில், நிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2006 முதல் பல ஆண்டுகள் கூகுள் அதன் வளர்ச்சிக்குத் துணை நின்றது. 2018இல் வந்த அதன் 4ஆம் பதிப்பு, தனித்தனி எழுத்தாகப் பார்ப்பதை விட்டு, ஒரு முழு வரியையும் நரம்பியல் வலையமைப்பின் துணையுடன் படிக்கத் தொடங்கியது. தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அதில் பயிற்சித் தரவு இருக்கிறது. அதே மென்பொருள் டெசராக்ட்.ஜேஎஸ் என்ற பெயரில் உலாவிக்குள்ளேயே ஓடுகிறது. கனமான நிரல்களையும் உலாவிக்குள் வேகமாக ஓட்டி அதற்கு வழி செய்த வெப்அசெம்பிளி தொழில்நுட்பம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முழுமையான பரிந்துரையாக 2019 டிசம்பரிலேயே ஆகிவிட்டது. கைபேசிகளைப் பொறுத்தவரை ஆப்பிளின் விஷன், கூகுளின் எம்எல் கிட் ஆகிய ஆயத்த நிரல் நூலகங்கள் படத்தைக் கைபேசியை விட்டு வெளியே அனுப்பாமலே எழுத்தைப் படித்துத் தருகின்றன. ஆகவே நான் கேட்பது ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடக்கும் ஒன்றை அன்று. உங்களில் பலர் வேறு பணிகளுக்காக ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் நூலகங்களை இந்தப் பணிக்கும் பயன்படுத்தச் சொல்கிறேன்.

அடையாள ஆவணங்களைப் பொறுத்தவரை இந்த வேலை பிற படங்களைப் படிப்பதைவிட எளிதானது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஏனெனில் அவற்றில் பல, இயந்திரம் படிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, இயந்திரம் படிக்கக்கூடிய கடவுச்சீட்டுக்கான விதிகளை 1980ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. 9303 என்ற எண்ணால் அறியப்படும் அந்த ஆவணம் இன்றும் திருத்தப்பட்டு நடைமுறையில் உள்ளது. இயந்திரம் படிக்க முடியாத கடவுச்சீட்டுகள் 2015 நவம்பர் 24க்குப் பிறகு புழக்கத்தில் இருக்கக் கூடாது என்பதும் அதே அமைப்பின் முடிவு. கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தின் அடியில் வரிக்கு 44 எழுத்துகள் வீதம் 2 வரிகளும், சிறிய அட்டைகளில் வரிக்கு 30 எழுத்துகள் வீதம் 3 வரிகளும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் வரக்கூடியவை 26 ஆங்கிலப் பெரிய எழுத்துகள், 10 எண்கள், இடம் நிரப்பும் ஒரு குறி ஆகிய 37 மட்டுமே. அச்சாகும் எழுத்துருவும் ஒன்றுதான்: 1968இல் ஏட்ரியன் ஃபுருட்டிகர் வடிவமைத்த ஓசிஆர்-பி. எழுத்துரு ஒன்று, எழுத்துகள் 37, வரியின் நீளம் முன்கூட்டியே தெரியும் என்ற நிலையில் உள்ள 88 எழுத்துகளைப் படிப்பதற்கு ஒரு மனிதரின் முகம், கையொப்பம், முகவரி எல்லாம் அடங்கிய முழுப் படத்தையும் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதற்கு என்னால் ஒரு காரணமும் காண முடியவில்லை.

இந்த வரிகள் இல்லாத அட்டைகளும் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பலவற்றில் கியூஆர் குறியீடோ பிடிஎஃப்417 பட்டைக் குறியீடோ இருக்கிறது. இரண்டிலும் ரீட்–சாலமன் பிழைதிருத்த முறை உள்ளிணைந்திருப்பதால், குறியீட்டின் ஒரு பகுதி அழுக்கானாலும் கீறப்பட்டாலும் உள்ளே இருப்பதைச் சரியாக மீட்கலாம். அளவுக்கு மீறிச் சிதைந்திருந்தால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காதே தவிர, ஓரெழுத்து மாறிய பெயர் கிடைப்பது அரிது. அந்தக் குறியீட்டில் இருப்பது மறையாக்கம் செய்யப்படாத எழுத்தாக இருந்தால், அதை முதலில் படித்துவிட்டு, குறியீடு இல்லாதபோது மட்டும் அச்செழுத்துகளிடம் போவது துல்லியத்துக்கும் நல்லது, வேகத்துக்கும் நல்லது. குறியீட்டைப் படிக்கும் நிரல் மிகச் சிறியது. எந்தப் பழைய கைபேசியிலும் ஓடும்.

துல்லியத்தைக் காரணம் காட்டித்தான் சர்வர் வேண்டும் என்று உங்களில் சிலர் வாதிடுகிறீர்கள். ஏராளமான தரவைக் கொண்டு பயிற்றுவித்த பெரிய கணினி மாதிரிகள் சர்வரில்தான் ஓடும், அவைதான் மங்கலான படங்களையும் படிக்கும் என்பது உங்கள் வாதம். சாய்ந்து எடுத்த படங்கள், பளபளப்பு விழுந்த படங்கள், கையால் எழுதிய பழைய சான்றுகள் ஆகியவற்றில் அந்த வாதத்துக்கு வலு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தை எடுக்கும் நொடியிலேயே “பளபளப்பு விழுந்திருக்கிறது, அட்டையைச் சற்றுத் திருப்பி மீண்டும் எடுங்கள்” என்று சொல்ல, பயனரின் கையில் உள்ள கருவியால்தான் முடியும். நல்ல படத்தை எடுக்க உதவும் கருவிக்கு, கெட்ட படத்தைப் படிக்கும் பெரிய மாதிரி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எஞ்சும் சில படங்களை மனிதக் கண்ணே பார்த்துத் தட்டச்சு செய்யட்டும். என் பணியில் அதைச் செய்ய நான் தயங்கியதில்லை.

துல்லியம் என்ற சொல்லை இங்கே இன்னும் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அடையாள ஆவணத்தில் எல்லாப் பிழைகளும் ஒரே எடை உடையவை அல்ல. இயந்திரம் படிக்கும் வரிகளில் ஆவண எண், பிறந்த நாள், காலாவதி நாள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. பன்னாட்டு விதிநூல் தரும் மாதிரிக் கடவுச்சீட்டில் 1974 ஆகஸ்ட் 12 என்ற பிறந்த நாள் 740812 என்று அச்சாகியிருக்கும். அதன் இலக்கங்களை 7, 3, 1 என்ற எடைகளால் மாறி மாறிப் பெருக்கினால் 49, 12, 0, 56, 3, 2 கிடைக்கும், கூட்டினால் 122, அதைப் 10ஆல் வகுத்தால் மீதி 2. அந்த 2தான் அடுத்த இடத்தில் அச்சாகியிருக்கும் சரிபார்ப்பு எண். கருவி 8ஐ 3 என்று தவறாகப் படித்திருந்தால் மீதி 7 ஆகியிருக்கும்; பிழை அந்த நொடியிலேயே வெளிப்பட்டிருக்கும். இந்தக் கணக்கை ஒரு பள்ளி மாணவரும் தாளில் போடலாம். அப்படியிருந்தும், சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்பதைச் சொல்லாமல், எல்லாம் சரியாக முடிந்ததைப்போல் விடையை நீட்டும் கருவிகளை என் பணியில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கருவி சர்வரில் எவ்வளவு பெரிய மாதிரியை ஓட்டினாலும் எனக்கு அதனால் பயனில்லை.

சரிபார்ப்பு எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் எண் வேறோர் எண்ணாக மாறினால் அது எப்போதும் பிடித்துவிடும். சுழியமும் ஓவும், 1ம் ஐயும், 5ம் எஸ்ஸும், 8ம் பியும் குழம்பினாலும் பிடித்துவிடும். ஆனால் 6ம் ஜியும் குழம்பினால் பிடிக்காது. ஏனெனில் ஆங்கில ஏ என்பதற்கு 10, பி என்பதற்கு 11 என்று வரிசையாக மதிப்பு தரும் அந்தக் கணக்கில் ஜி என்ற எழுத்தின் மதிப்பு 16, அதற்கும் 6க்கும் உள்ள வேறுபாடு சரியாக 10. அதேபோல் 1ம் 6ம் அடுத்தடுத்து நின்று இடம் மாறினாலும் கணக்கு மாறாது. எனவே சரிபார்ப்பு எண் பொருந்திய பிறகும் ஆவண எண்ணில் 6 அல்லது ஜி வரும் இடங்களைப் பயனருக்குத் தனித்துக் காட்டி, கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டைப் பற்றியும் ஒரு சொல்: அந்த வரிகளில் ஆண்டுக்கு 2 இலக்கங்களே இருப்பதால் 24 என்பது நூறு வயதை எட்டிய ஒருவரையும் குறிக்கலாம், ஒரு குழந்தையையும் குறிக்கலாம், அதைக் கருவி தானாக முடிவு செய்யக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பெயரின் நிலை. இயந்திரம் படிக்கும் வரிகளில் பெயருக்குச் சரிபார்ப்பு எண் கிடையாது. கடவுச்சீட்டின் இறுதியில் வரும் ஒட்டுமொத்தச் சரிபார்ப்பு எண்ணிலும் பெயர் சேர்வதில்லை. அதாவது, ஒரு மனிதருக்கு மிக நெருக்கமான அந்த விவரத்தில் நேரும் பிழையைக் கண்டுபிடிக்கக் கணிதத்தின் துணை இல்லை. பெயர்களோ எந்த அகராதியிலும் அடங்காதவை. பல சமூகங்களில் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை; ஒரே சொல்லைப் பெயராகக் கொண்டவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்; ஒலியை வேறு எழுத்துமுறையில் எழுதும்போது ஒரே பெயர் பல வடிவங்களில் வரும், அந்த வடிவங்களில் எது ஆவணத்தில் இருக்கிறதோ அதுதான் சட்டத்தின் முன் அவருடைய பெயர். இந்நிலையில், சொற்களை அகராதியோடு ஒப்பிட்டுத் “திருத்தும்” வசதியை எழுத்துணரி பெயர்களின் மீது செலுத்தினால், அரிதான ஒரு பெயர் பரவலான ஒரு பெயராக மாறிவிடும். படித்ததில் பிழை இருப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றவும் செய்யாது.

அண்மைக் காலத்தில் படத்தைப் பார்த்து எழுத்தை “உருவாக்கும்” பெரிய மொழி மாதிரிகளை உங்களில் பலர் எழுத்துணரியின் இடத்தில் வைத்து வருகிறீர்கள். அவை கலைந்த பக்கங்களையும் பத்தியமைப்பையும் வியக்கத்தக்க அளவுக்குப் புரிந்துகொள்கின்றன. ஆனால் பழைய எழுத்துணரி தெளிவற்ற இடத்தில் உளறிக்கொட்டும்; அந்த உளறலைக் கண்டதும் நாம் எச்சரிக்கை அடைவோம். புதிய மாதிரியோ மறைந்துபோன இலக்கத்தின் இடத்தில் பொருத்தமாகத் தோன்றும் இலக்கத்தை, பாதி அழிந்த பெயரின் இடத்தில் முழுமையான ஒரு பெயரை எழுதிவிடும். கதையைச் சுருக்கித் தரும் பணியில் அது குறையாக இல்லாமல் போகலாம். ஒருவருடைய ஆவண எண்ணில் அது வேறொருவரின் எண்ணாகிவிடும். படிக்க முடியாத இடத்தைக் காலியாக விடுவதும், ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு உறுதியாகப் படித்தது என்ற நம்பக அளவைக் காட்டுவதும், அந்த எழுத்துக்கு நேரான படத்துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வசதி தருவதும் இங்கே அடிப்படைக் கடமைகள். படம் பயனரின் திரையிலேயே இருக்கும் கருவியில் இந்த ஒப்பீடு மிக இயல்பாக அமையும்.

எல்லா வாதங்களுக்கும் பிறகும், சில காரணங்களால் படத்தைப் பெற்றே தீர வேண்டியவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவர்களிடம் கேட்பது, அழிப்பதாகச் சொல்லும்போது எதை அழிக்கிறீர்கள் என்பதை முழுமையாகச் சொல்லுங்கள் என்பதே. “ஒரு மணி நேரத்தில் கோப்புகள் நீக்கப்படும்” என்ற வரி, பதிவேற்றிய மூலப் படத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கருவி தன் வசதிக்காகச் செய்துகொண்ட சிறுபடம், நேராக்கி வெட்டிய இடைநிலைப் படம், பிரித்தெடுத்த எழுத்து, பிழை நேர்ந்தபோது கண்காணிப்புச் சேவைக்குப் போன அறிக்கையில் ஒட்டிக்கொண்ட துணுக்கு, இரவில் எடுக்கப்படும் காப்புப் பிரதி, விரைவாகத் தருவதற்காக உலகின் பல இடங்களில் சேமிக்கப்படும் தற்காலிக நகல் ஆகியவை அந்த வரிக்குள் அடங்குகின்றனவா? எழுத்துணரும் பணியையே நீங்கள் வேறொரு நிறுவனத்தின் சேவையிடம் ஒப்படைத்திருந்தால், அங்கே போன நகலுக்கு யார் பொறுப்பு? விடையைப் பகிர்வதற்கென்று ஓர் இணைப்பை உருவாக்கித் தருகிறீர்களென்றால், அதை ஊகிக்க முடியாதபடியும், தேடுபொறிகள் அட்டவணைப்படுத்தாதபடியும் அமைத்திருக்கிறீர்களா? கைபேசியில் எடுத்த படத்தோடு எடுத்த நேரமும் சில வேளைகளில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் சேர்ந்தே வரும் என்பதால், அவற்றையாவது வந்தவுடன் களைகிறீர்களா? இவற்றுக்கு விடை இல்லாத நிலையில் பாதுகாப்பு என்ற சொல்லைப் பக்கத்தின் உச்சியில் எழுதாதீர்கள்.

பயிற்சியைப் பற்றி உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். பதிவேற்றப்படும் அடையாள ஆவணங்களைக் கொண்டு மாதிரிகளைப் பயிற்றுவிப்பது, “சேவையை மேம்படுத்த” என்ற சொற்றொடருக்குள் எவ்வளவு மென்மையாக வைக்கப்பட்டாலும், ஏற்கத்தக்கதன்று. பயிற்சிக்கு முன்பு மனிதர்கள் அந்தப் படங்களைத் திறந்து பார்த்து அடையாளமிட வேண்டியிருக்கும் என்பதும், அவர்கள் எங்கோ ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் இருப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். வேறு வழியும் இல்லாமல் இல்லை. எம்ஐடிவி-500 என்ற ஆய்வுத் தொகுப்பு 50 வகை ஆவணங்களின் மாதிரிகளைக் கொண்டு 500 காணொளித் துண்டுகளாக உருவாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த எம்ஐடிவி-2020 தொகுப்பில் 1000 போலி ஆவணங்கள், செயற்கையாக உருவாக்கிய முகங்களோடு இடம்பெற்றன. உண்மையான மனிதர்களின் ஆவணங்களைப் பொதுவில் வைக்க முடியாது என்பதை உணர்ந்து ஆய்வாளர்கள் இவ்வளவு முயற்சி எடுத்திருக்கிறார்கள். வணிகக் கருவியை நடத்துவோருக்கு அதைவிடக் குறைந்த பொறுப்பு இருக்க முடியாது.

சட்டத்தின் பக்கம் நீண்ட விளக்கம் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 5ஆவது பிரிவு, நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே தரவைக் கையாள வேண்டும் என்கிறது. 25ஆவது பிரிவு, அந்தப் பாதுகாப்பை வடிவமைப்பிலேயே உள்ளடக்க வேண்டும் என்கிறது. படம் தேவையே இல்லாத இடத்தில் படத்தைப் பெறுவது இவ்விரண்டுக்கும் எப்படிப் பொருந்தும் என்பதை உங்கள் சட்ட ஆலோசகர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த மடல் உங்களுக்கானது என்றாலும், எல்லாப் பழியும் உங்களுடையது அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயது 18 நிறைந்துவிட்டதா என்று அறிய வேண்டியவர்கள் முழு ஆவணத்தின் படத்தையும் கேட்பதால்தான் அந்தப் படங்கள் இவ்வளவு கைகளில் புழங்குகின்றன. கைபேசியில் வைத்திருக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கென 2021இல் வெளியான ஐஎஸ்ஓ/ஐஇசி 18013-5 என்ற பன்னாட்டுத் தரம், பிறந்த நாளைக்கூடக் காட்டாமல், குறிப்பிட்ட வயது நிறைந்துவிட்டது என்பதை மட்டும் தெரிவிக்க இடம் தருகிறது. அந்த வழி பரவும்போது உங்கள் கருவிகளின் தேவையே குறையும். அதுவரை, அச்சிட்ட அட்டைகளும் அவற்றின் படங்களும் இருக்கத்தான் போகின்றன.

உலாவிக்குள் படித்தால் வருவாய்க்கு வழியில்லையே என்ற கேள்வியும் என் காதில் விழுகிறது. சர்வரில் கணக்கிடும் செலவு உங்களுக்கு இல்லாமல் போகிறது என்பது அதற்கு ஒரு பகுதி விடை. மீதியை, மென்பொருளுக்கு நேரடியாகக் கட்டணம் கேட்டுப் பெறுங்கள். படம் வெளியே போகாது என்ற உறுதிக்காக என்னைப் போன்றவர்கள் பணிபுரியும் அலுவலகங்கள் பணம் தர முன்வரும் என்றே நம்புகிறேன். அப்படித் தர வேண்டும் என்று என் மேலாளர்களிடம் நானும் கேட்பேன்.

நிறைவாக, நீங்கள் செய்யக்கூடியதையும் நாங்கள் சோதித்துப் பார்க்கக்கூடியதையும் குறிப்பிட்டு முடிக்கிறேன். இருந்த இடத்திலேயே படிக்கும் கருவியை நீங்கள் உருவாக்கினால், பக்கம் திறந்து, படிப்பதற்கான மாதிரிக் கோப்பும் இறங்கிய பிறகு, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள் என்று பயனரை நீங்களே அழையுங்கள். இணைப்பு திரும்பியதும் படத்தைச் சத்தமில்லாமல் அனுப்பவும் ஒரு பக்கத்தால் முடியும் என்பதால், அந்தச் சோதனையோடு நிறுத்தாமல், பக்கம் வெளியே எந்த முகவரிக்கும் தரவு அனுப்பக் கூடாது என்று உலாவிக்கே கட்டளையிடும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையைப் பக்கத்தின் தலைப்புத் தகவலில் வையுங்கள். நிரலின் மூலத்தையும் வெளியிடுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்காகப் பார்த்துச் சொல்வார்கள். மாற இயலாதவர்கள், பதிவேற்றும் பொத்தானுக்கு அருகிலேயே, பயனர் படிக்கும் மொழியில், “இந்தப் படம் எங்கள் சர்வருக்கு வரும், இன்னாரிடம் போகும், இவ்வளவு காலம் இருக்கும், ஆவணத்துக்கு உரியவரிடம் கேட்டுவிட்டுப் பதிவேற்றுங்கள்” என்று எழுதுங்கள். அத்துடன், பதிவேற்றியவர் மட்டுமின்றி ஆவணத்துக்கு உரியவரும் தம் படத்தை அழிக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு முகவரியைத் தாருங்கள். இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதற்கான உங்கள் மறுமொழியை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். உங்கள் கருவியின் முகப்புப் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

நன்றியுடன்,
பிறருடைய ஆவணங்களைக் கையாளும் ஊழியர்களில் ஒருத்தி